குளோபுலின்: யாரும் படிக்காத வரி

மைலோமா இருக்கிற ஒருவரின் ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, காயவைத்து, லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவினால், மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டுபோகும் முன்பே சில சமயம் விஷயம் தெரிந்துவிடும். கண்ணாடி நீலம் பாரித்திருக்கும். ரத்தத்தில் மிதமிஞ்சிக் கிடக்கிற புரதமும் சாயத்தைப் பிடித்துக்கொள்வதால் வருகிற நிறம் அது. லென்ஸுக்குக் கீழே வைத்தால் சிவப்பணுக்கள் தனித்தனியாகத் தெரியாது. உண்டியலை உடைத்து எண்ணி அடுக்கிய காசுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நீள வரிசையாகக் கிடக்கும். லேபில் அதை ‘ரூலோ’ என்போம்.

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் சீனியர் டெக்னீசியனாக இருக்கிறேன். இப்படி ஒரு ஸ்லைடு அறுபத்தைந்து வயதுக்காரருடையதாக இருந்தால் எல்லோரும் சுறுசுறுப்பாகிவிடுவார்கள். டாக்டருக்கு போன் போகும், அடுத்த டெஸ்ட் எழுதிவரும். வயது 33 என்று இருந்தால், அதே ஸ்லைடைப் பார்த்துவிட்டு “ஏதாவது இன்ஃபெக்‌ஷனா இருக்கும்” என்று நகர்ந்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். மல்டிபிள் மைலோமா பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருகிற ரத்தப் புற்றுநோய்தான். ஆனால் இளவயதில் வரவே வராது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. அப்படி வருகிறபோது சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே அது பெரும்பாலும் தடம் பதித்திருக்கும். வயதைப் பார்த்துவிட்டு அந்தத் தடத்தை விட்டுவிடுகிறோம்.

அம்பாசமுத்திரம் பக்கத்துத் தம்பி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சொந்தமாகக் குட்டியானை வைத்து வாழைத்தார் லோடு அடிக்கிறவர். ஏற்றுவதும் இறக்குவதும் அவரேதான். நடுமுதுகில் வலி. தார் சுமக்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் வேறென்ன வலிக்கும் என்று வீட்டில் சொன்னார்கள், அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை; அது கேட்காதபோது கிளினிக்கில் ஊசி; பிறகு தைலம்; பிறகு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு இடத்தில் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் ஈ.எஸ்.ஆர். ஏறியிருக்கிறது, உடம்பு மெலிந்திருக்கிறது, முதுகுத்தண்டில் காசநோயாக இருக்கலாம் என்று பேச்சு ஓடியது. அப்படி நினைத்ததில் குற்றம் சொல்ல முடியாது. நம் நாட்டில் முதுகுத்தண்டுக் காசநோய் அவ்வளவு சகஜம். முதலில் அதை நினைக்காத டாக்டர்தான் அபூர்வம்.

எங்களிடம் வந்தபோது மனைவியின் கையில் மஞ்சள் பை. அதில் பழைய ரிப்போர்ட்டுகள் மடித்து மடித்துக் கிடந்தன. கையைக் கட்டி ஊசியை எடுத்தபோது அவர் கேட்டார்: “எத்தன தடவதான் எடுப்பியக்கா? இருக்கிற ரத்தமே கொறச்சல்னுதான சொல்லுதாவ.”

ஹீமோகுளோபின் 8.4. சிவப்பணுவின் அளவைச் சொல்கிற எம்.சி.வி. 91. இரும்புச்சத்துக் குறைவால் வருகிற சோகையில் அணுக்கள் சிறுத்து, இந்த எண் 80-க்குக் கீழே இறங்கும். இவருக்கு அணுவின் அளவு சரியாகவே இருக்கிறது, எண்ணிக்கைதான் குறைவு. இரும்பு டானிக் எத்தனை பாட்டில் குடித்தாலும் இது ஏறாது. ஈ.எஸ்.ஆர். ஒரு மணி நேரத்தில் 128 மில்லிமீட்டர். கிரியாட்டினின் 1.9. கால்சியம் 11.6. அதற்கும் கீழே மொத்தப் புரதம் 11.2, ஆல்புமின் 3.1.

மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழித்தால் வருவது குளோபுலின். ஆரோக்கியமான உடம்பில் அது இரண்டிலிருந்து மூன்றரை வரை இருக்கும். இவருக்கு 8.1. இந்தக் கழித்தலைக் கம்ப்யூட்டரே செய்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டு அச்சடிக்கிறது. ஆனால் ‘எல்.எஃப்.டி.’ என்கிற கல்லீரல் பரிசோதனைத் தாளில் எல்லோருடைய கண்ணும் பிலிருபினுக்கும் எஸ்.ஜி.பி.டி.க்கும் போகிறது. அவை சரியாக இருந்தால் ‘ஈரல் நார்மல்’ என்று தாள் மடிக்கப்படுகிறது. புரத வரிகள் அடியில் கிடக்கின்றன. மஞ்சள் பையில் இருந்த, வேறொரு லேபின் பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். நாலு மாதத்துக்கு முந்தையது. மொத்தப் புரதம் 9.8, ஆல்புமின் 3.4. நட்சத்திரம் அப்போதே போட்டிருந்தது.

அந்தக் குளோபுலின் எங்கிருந்து வருகிறது என்று சொன்னால்தான் இந்த நோய் பிடிபடும். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்று ஒரு வகை வெள்ளையணு உண்டு. கிருமிகளை எதிர்க்கிற ஆன்டிபாடிகளைத் தயாரிப்பது அதன் வேலை. ஆயிரமாயிரம் வகைக் கிருமிகளுக்கு ஆயிரமாயிரம் வகை ஆன்டிபாடி. ஒவ்வொரு குடும்பத்து பிளாஸ்மா செல்லும் ஒரே ஒரு வகையை மட்டும் செய்யும். மைலோமாவில் அப்படி ஒரு குடும்பம் கட்டுப்பாடில்லாமல் பெருகி மஜ்ஜையை நிறைக்கிறது. எந்தக் கிருமிக்கும் உதவாத ஒரே புரதத்தை ஓயாமல் செய்து ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தம் உற்பத்தியாகிற இடம் பறிபோவதால் சோகை வருகிறது. நல்ல ஆன்டிபாடிகள் குறைந்துபோவதால் அடிக்கடி நிமோனியா வருகிறது. பிளாஸ்மா செல்கள் எலும்பை அரிக்கிற செல்களைத் தூண்டிவிட்டு, எலும்பைக் கட்டுகிற செல்களை முடக்கிவிடுகின்றன. அரிக்கப்பட்ட எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. தீராத தாகம், மலச்சிக்கல், காரணமில்லாத தூக்கக் கலக்கம் எல்லாம் அந்தக் கால்சியத்தின் வேலை. வெளியேறுகிற புரதத் துண்டுகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் கட்டியாகி அடைத்துக்கொள்கின்றன.

வலி மாத்திரையைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதைக் குறைக்கின்றன. ஏற்கெனவே புரதம் அடைத்துக்கொண்டிருக்கிற சிறுநீரகத்தில் இது சேர்ந்தால், மெதுவாகக் கெட்டுவந்தது சில நாளில் படுத்துவிடும். முதுகுவலிக்குச் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் இந்த மாத்திரை வாங்கிப் போட்டவர்கள், எந்த வயதானாலும், ஒரு கிரியாட்டினின் பார்த்துவிட வேண்டும். அந்தத் தம்பியின் 1.9-இல் எவ்வளவு நோயால், எவ்வளவு மாத்திரையால் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

எக்ஸ்ரேயில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? எலும்பின் சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்த பிறகுதான் சாதா எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். மற்றப் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க எடுக்கிற போன் ஸ்கேனும் இதில் ஏமாற்றும். அந்த ஸ்கேன் புது எலும்பு கட்டப்படுகிற இடத்தைத்தான் காட்டும், மைலோமாவிலோ கட்டுகிற வேலையே நின்றுபோயிருக்கிறது. எம்.ஆர்.ஐ.யோ, உடம்பு முழுவதும் எடுக்கிற சி.டி.யோ, பெட் ஸ்கேனோதான் உண்மையைச் சொல்லும். இவருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது.

எங்கள் பேத்தாலஜிஸ்ட் மேடம் அந்த நீலம் பாரித்த ஸ்லைடைப் பார்த்ததும், ரத்தம் எழுதிய டாக்டரிடம் பேசி சீரம் எலக்ட்ரோபோரெசிஸுக்குச் சம்மதம் வாங்கினார். பெயர்தான் நீளம். ஜெல் தகட்டின் ஒரு முனையில் ஒரு சொட்டு சீரத்தை வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறோம். புரதங்கள் அதனதன் மின்னேற்றத்துக்கும் அளவுக்கும் ஏற்ப ஓடிப் பிரிகின்றன. ஆல்புமின் முன்னால் ஓடி அடர்த்தியான பட்டையாக நிற்கும். ஆன்டிபாடிகள் இருக்கிற காமா பகுதி கடைசியில். சாதாரணமாக அங்கே பல வகை ஆன்டிபாடிகள் கலந்திருப்பதால் மங்கலான அகலப் படலமாகத்தான் தெரியும். காசநோய், கல்லீரல் நோய், எச்.ஐ.வி., மூட்டுவாதம் இருந்தால் அந்தப் படலம் அடர்த்தியாகும், அகலம் குறையாது. மைலோமாவில் எல்லாம் ஒரே புரதம் என்பதால் ஒரே இடத்தில் கூடி, கோடு கிழித்த மாதிரி ஒல்லியாகக் கறுத்து நிற்கும். அதற்கு எம் பேண்ட் என்று பெயர். அகலமா, கோடா என்று பார்த்தால் போதும், காசநோய்ப் பேச்சு பாதி அடங்கிவிடும். எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிட்டால் இதன் செலவு மிகவும் குறைவு. இருந்தும் இளைஞர்களுக்கு இதை எழுதித்தரக் கை வருவதில்லை.

இதைப் படித்துவிட்டு, குளோபுலின் நாலு என்று இருக்கிற யாரும் பயந்துவிடக் கூடாது. குளோபுலின் ஏறுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த அகலப் படலம்தான் இருக்கும், புற்றுநோய் இருக்காது. சன்னமான கோடு தெரிகிற எல்லோருக்குமே மைலோமா என்றும் சொல்ல முடியாது. 50 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் சின்னதாக ஒரு எம் பேண்ட் இருக்கும். அவர்களில் வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் அது முற்றிய நோயாக மாறும். மற்றவர்கள் அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டால் போதும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மைலோமாக்காரர்களில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு முழு ஆன்டிபாடி உற்பத்தியாகாது, அதன் லைட் செயின் என்கிற சின்னத் துண்டு மட்டும் உற்பத்தியாகும். அது சிறுநீரில் ஓடிவிடுவதால் குளோபுலின் ஏறாது, வரியில் நட்சத்திரமும் வராது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கிற பட்டையிலும் இது தெரியாது. அந்தப் பட்டை ஆல்புமினை மட்டும்தான் பிடிக்கும். பட்டை ‘நில்’ என்று காட்டுகிற அதே சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில சொட்டு விட்டால் பால் கலந்ததாக வெளுக்கும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் இதை இரண்டு டெஸ்ட் டியூபில் பக்கத்தில் பக்கத்தில் செய்து காட்டுவேன்.

இன்னொன்றையும் காட்டுவேன். இப்போது சீரத்திலேயே லைட் செயினை அளக்க நல்ல டெஸ்ட் வந்துவிட்டது. அதனால் இந்தப் பழைய முறை வழக்கொழிந்துவிட்டது. ஆனாலும் ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சிறுநீரை டெஸ்ட் டியூபில் ஊற்றித் தண்ணீருக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டும். ஐம்பது டிகிரி தாண்டியதும் லேசாகப் புகை படர்கிறது. அறுபதில் தயிராகத் திரள்கிறது. சாதாரணப் புரதம் என்றால் அப்படியே வெந்து கெட்டியாகி நின்றுவிடும். இது கொதிநிலையை நெருங்க நெருங்கக் கரைந்து மறுபடி தெளிந்துவிடும். அடுப்பை அணைத்து ஆறவிட்டால் திரும்பவும் திரளும்.

இதை முதலில் எழுதிவைத்தவர் லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ். 1845-இல் மெக்பீன் என்ற மளிகை வியாபாரியின் சிறுநீரை, அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்கள் இது என்னவென்று கேட்டு அனுப்பினார்கள். மெக்பீனுக்குத் தீராத எலும்பு வலி. அட்டை விட்டு ரத்தம் எடுத்தார்கள், இரும்பும் குயினைனும் கொடுத்தார்கள். 1846 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். இதற்கும் முன்னால் 1844-இல், அதே லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சாரா நியூபெரி என்ற பெண்ணின் கதையை சாமுவேல் சாலி என்ற மருத்துவர் பதிவு செய்தார். நாலு வருடமாகச் சோர்வு, வலி. கணவர் தூக்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோகும்போது தொடையெலும்பு முறிந்தது. பிறகு கழுத்துப்பட்டை எலும்பு, கை எலும்பு என்று ஒவ்வொன்றாக முறிந்தன. மருத்துவ வரலாற்றில் விரிவாகப் பதிவான முதல் மைலோமா நோயாளி இவர்தான் என்கிறார்கள். சாராவுக்கு வயது 39. மெக்பீனுக்கு 45.

வயதானவர்கள் நோய் என்று நாம் ஒதுக்கிவைத்த ஒன்றின் முதல் இரண்டு பக்கங்களிலும் இளையவர்கள்தான் இருக்கிறார்கள். பாடம் எடுக்கும்போது யாரும் இதை எங்களுக்குச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

எத்தனை பேருக்கு இளவயதில் வருகிறது? அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவர்கள் தங்களிடம் பல பத்தாண்டுகளில் வந்த மைலோமா நோயாளிகளில் நாற்பதுக்குக் கீழே இருந்தவர்களை மட்டும் தேடி எடுத்து 1996-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 72 பேர், ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு. முப்பதுக்குக் கீழே என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர்தான். மேலைநாடுகளில் நோய் கண்டுபிடிக்கப்படுகிறபோது நோயாளிகளின் இடைநிலை வயது எழுபதை ஒட்டி இருக்கிறது. நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகளின் பதிவுகளில் அது ஐம்பத்தைந்தை ஒட்டியே இருக்கிறது. நம் மக்கள்தொகை இளையது என்பது ஒரு காரணம். காரணம் எதுவானாலும் நாற்பதுகளில் ஒரு மைலோமா நோயாளியைப் பார்ப்பது இந்திய டாக்டருக்கு ஆச்சரியமாக இருக்கக் கூடாது. வெளிநாட்டுப் பாடப்புத்தகத்து வயதை வைத்துக்கொண்டு நம் ஊர் ரிப்போர்ட்டைப் படிக்கிறோம்.

தமிழில் ‘நேதாஜி’ படத்தில் 1994-இல் சரத்குமாரோடு நடித்த லிசா ரே பலருக்கு ஞாபகம் இருக்கலாம். பிறகு தீபா மேத்தாவின் ‘வாட்டர்’ படத்தில் நடித்தவர். 2009 ஜூனில் அவருக்கு மல்டிபிள் மைலோமா என்று தெரிந்தபோது வயது 37. அந்த செப்டம்பரில் டொரன்டோ திரைப்பட விழாவுக்கு, ஸ்டீராய்டு மருந்தால் முகம் ஊதியிருந்த நிலையிலேயே வந்து, தன் நோயை வெளிப்படையாகச் சொன்னார். ஸ்டெம் செல் சிகிச்சை எடுத்துக்கொண்டு 2010-இல் திரும்ப வேலைக்கு வந்தார். சினிமாக்காரர்கள் நோயை மறைக்கிற காலத்தில் அவர் செய்தது பெரிய காரியம். ‘எனக்கு மட்டும்தானா இந்த வயதில்’ என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அவர் பெயரைத்தான்.

மருந்துக் கதையிலும் இளையவர் ஒருவர் இருக்கிறார். 1950-களின் கடைசியில் மெல்ஃபலான் வந்ததிலிருந்து கிட்டத்தட்ட நாற்பது வருடம் இந்த நோய்க்குப் புதிதாக உருப்படியான மருந்து கிடைக்கவில்லை. 1990-களில் அமெரிக்காவில் ஐரா வோல்மர் என்ற இதயநோய் மருத்துவருக்கு முப்பதுகளிலேயே மைலோமா வந்தது. அவர் மனைவி பெத் கண்ணில்பட்ட ஆராய்ச்சியாளர்களுக்கெல்லாம் போன் போட்டார். பாஸ்டனில் இருந்த ஜூடா ஃபோக்மேன் என்ற அறுவை மருத்துவர், புற்றுக்கு ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்க தாலிடோமைடு உதவக்கூடும் என்றார். கர்ப்பிணிகள் சாப்பிட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் வளராமல் பிறந்ததால் 1961-இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட அதே தாலிடோமைடு. அர்கன்சாஸில் பார்ட் பார்லோகி என்ற மருத்துவர் துணிந்து கொடுத்துப் பார்த்தார். ஐராவுக்கு அது பலிக்கவில்லை, அவர் இறந்துவிட்டார். ஆனால் அவருக்குப் பின்னால் அந்த மருந்தைச் சாப்பிட்ட இன்னொருவருக்குப் பலித்தது. 84 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் இறங்கியது என்று 1999-இல் கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சீமா சிங்கால். வேறு எல்லா மருந்தும் கைவிட்டவர்கள் அந்த 84 பேர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று நம் நோயாளிகள் சாப்பிடுகிற லெனாலிடோமைடு அந்தத் தாலிடோமைடின் வம்சத்தில் வந்ததுதான். ஒரு மனைவி போட்ட போன்களுக்கு இன்றைய நோயாளிகள் கடன்பட்டிருக்கிறார்கள்.

நம் தம்பிக்கு வருவோம். இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் மரத்துப்போக ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். அந்த ஸ்லைடைப் பார்த்தேன். பிளாஸ்மா செல்லுக்கு நியூக்ளியஸ் நடுவில் இருக்காது, ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கும், பக்கத்தில் வெளிறிய ஒரு திட்டு. நல்ல மஜ்ஜையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. பத்து சதவீதத்தைத் தொட்டு, கூடவே எலும்பு, சிறுநீரகம், ரத்தம் பாதித்திருந்தால் மைலோமா என்று சொல்லலாம். இவருக்கு ஏறக்குறைய பாதி அவைதான்.

சிகிச்சைக்குச் சென்னை போனார்கள். வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலில் போர்டெசோமிப் ஊசி. 21 நாள் லெனாலிடோமைடு மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. வாரம் ஒருநாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. அந்த நாள் ராத்திரி பொட்டுத் தூக்கம் வராது என்று அவர் மனைவி சொல்வார். எலும்பைக் காக்க மாதம் ஒரு சோலிட்ரானிக் ஆசிட், அதற்கு முன்பே பல் டாக்டரிடம் காட்டிச் சொத்தைப் பல்லைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் தாடை எலும்பு கெடக்கூடும். அக்கி வராமல் ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் ஒரு மாத்திரை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறவர்கள் முதல் நாளே மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் எது எது அடங்கும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வயது குறைவாக இருப்பதில் இங்கே ஒரு பலம் உண்டு, உடம்பு பெரிய சிகிச்சையைத் தாங்கும். சில மாத மருந்துக்குப் பிறகு அவருடைய ஸ்டெம் செல்களையே ரத்தத்திலிருந்து பிரித்து எடுத்துவைத்து, மெல்ஃபலானைப் பெரிய அளவில் ஏற்றி மஜ்ஜையைத் துடைத்துவிட்டு, எடுத்துவைத்த செல்களைத் திரும்ப ஏற்றுவார்கள். மெல்ஃபலான் உடம்பில் நீண்ட நேரம் தங்காது. அதனால் நம் நாட்டில் பல இடங்களில் செல்களை உறையவைக்காமல், நாலு டிகிரிக் குளிரில் சில நாள் வைத்திருந்தே ஏற்றிவிடுகிறார்கள், செலவும் குறைகிறது. மருந்து ஏறுகிற நேரம் முழுக்க வாயில் ஐஸ்கட்டியை அடக்கிக்கொண்டிருக்கச் சொல்வார்கள். வாயில் ரத்த ஓட்டம் குறைந்து, புண் வருவது பெருமளவு தணியும்.

பலவீனம் என்ன என்றால், அறுபத்தைந்து வயதுக்காரர் யோசிக்க வேண்டாத கேள்விகளை இவர்கள் யோசிக்க வேண்டும். பெரிய அளவு மெல்ஃபலான் குழந்தை பெறும் திறனைப் பாதிக்கக்கூடும். விந்தணுவையோ கருமுட்டையையோ சேமித்துவைக்க வேண்டுமா என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள், மாமியார் பக்கத்தில் நின்றாலும் கேளுங்கள். லெனாலிடோமைடு சாப்பிடுகிற வரை, ஆணானாலும் பெண்ணானாலும் கரு தங்காமல் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், தாலிடோமைடின் பழைய ஆபத்து இதிலும் உண்டு. வேலை, வண்டிக் கடன், பிள்ளை படிப்பு எல்லாம் பாதியில் நிற்கும். அமெரிக்காவின் கேத்தி ஜூஸ்டிக்கு 1996-இல் 37 வயதில் இந்த நோய் வந்தபோது கையில் சின்னப் பெண்குழந்தை. சிகிச்சைக்கு முன்பே இரண்டாவது குழந்தையும் பெற்றுக்கொண்டார். 1998-இல் தன் இரட்டைச் சகோதரியோடு சேர்ந்து மைலோமா ஆராய்ச்சிக்கென்றே ஒரு அறக்கட்டளை தொடங்கினார். 2024-இல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். கண்டுபிடித்தபோது அவருக்குச் சொல்லப்பட்ட ஆயுள் சில வருடங்கள்தான்.

இது பெரும்பாலும் அடியோடு போய்விடுகிற நோயல்ல. அடங்கும், திரும்பும், வேறு மருந்தில் மறுபடி அடங்கும். அந்த 1996 கட்டுரையின் காலத்தில் இளையவர்களுக்கே நாலரை வருடம்தான் சராசரி. இப்போது பத்து வருடம் தாண்டி வேலைக்குப் போய்வருகிறவர்கள் பலர்.

ரத்த வங்கியில் வேலை செய்கிற எங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டாராட்டுமுமாப் என்று ஒரு ஊசி இப்போது நிறையப் பேருக்குப் போடப்படுகிறது. பிளாஸ்மா செல்லின் மேல் இருக்கிற சி.டி.38 என்ற புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதம் சிவப்பணுக்கள் மேலும் கொஞ்சம் இருக்கிறது. அதனால் ஊசி போட்டவருக்கு ரத்தம் தேவைப்பட்டு நாங்கள் கிராஸ்மேட்ச் செய்தால், எந்த பாட்டிலைப் பார்த்தாலும் ‘பொருந்தவில்லை’ என்றே காட்டும். கடைசி ஊசி போட்டு மாதங்கள் ஆனாலும் காட்டும். டி.டி.டி. என்ற ரசாயனத்தால் அணுக்களைக் கழுவி இதைச் சமாளிக்கலாம், ஆனால் காரணம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஊரில், தெரியாத மருத்துவமனையில், விபத்தில் அடிபட்டுக் கிடக்கும்போது இது பெரிய சிக்கல். ஊர் ஊராக வண்டி ஓட்டுகிற இளைஞர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதல் ஊசிக்கு முன்பே ரத்த வகையை விரிவாகப் பார்த்து, அட்டையில் எழுதி, பர்ஸில் லைசென்ஸோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தம்பி இப்போது வண்டி ஓட்டுகிறார், தார் தூக்க ஆள் வைத்திருக்கிறார். போன முறை ரத்தம் கொடுக்க வந்தபோது அவர் மனைவி தனியாக என்னிடம் வந்து, “பிள்ளைக்கும் வருமாக்கா?” என்று கேட்டார். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ மைலோமா இருந்தால் மற்றவர்களைவிட வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கணக்கு உண்டு. ஆனால் அடிப்படை வாய்ப்பே மிகச் சிறியது, அதன் இரண்டு மடங்கும் சிறியதுதான். அப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிற நோயல்ல, தொற்றுகிற நோயும் அல்ல. பிள்ளைக்கு எந்த டெஸ்ட்டும் வேண்டாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். என் வாயாலும் ஒருமுறை கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

எங்கள் லேபில் ஒரு மாற்றம் செய்தோம். குளோபுலின் 4.5-க்கு மேல் போனால், தாளின் அடியில் ‘சீரம் எலக்ட்ரோபோரெசிஸ் செய்து பார்ப்பது நல்லது’ என்று ஒரு வரி தானாக அச்சாகும். சாஃப்ட்வேரில் அதை ஏற்ற வந்த பையன், “ஐம்பது வயசுக்கு மேலன்னு கண்டிஷன் போடவா மேடம்?” என்று கேட்டான். வேண்டாம், எல்லா வயதுக்கும் வரட்டும் என்றார் மேடம். ஆரம்பத்தில் சில டாக்டர்கள் போன் செய்து, இதற்கெல்லாம் எதற்கு இவ்வளவு பெரிய டெஸ்ட் என்று கேட்டார்கள். மேடம் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகப் பேசினார். இதுவரை அந்த வரியின் பேரில் செய்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அகலப் படலம்தான் வந்திருக்கிறது. கல்லீரல் கோளாறு, நாள்பட்ட தொற்று, ஒரு பெண்ணுக்கு லூபஸ். அவர்களுக்கும் காரணம் தெரிந்து வைத்தியம் தொடங்கியிருக்கிறது.